நம்ம பேக்கேஜ் களஞ்சியம்: ரீப்ரொட்யூசிபிள் பில்ட் வேலை நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் கமிட்டி சார்பா வணக்கம். நம்ம ஃபாண்ட், கீபோர்டு, எழுத்துப்பிழை அகராதி பேக்கேஜ் எல்லாத்தையும் யாரு எந்த மெஷின்ல பில்ட் பண்ணாலும் (அதாவது சோர்ஸ்ங்கற மூலத்துல இருந்து இன்ஸ்டால் பண்ற ஃபைல உருவாக்கினாலும்) ஒரு பைட் கூட மாறாம ஒரே ஃபைல் வர்ற மாதிரி ஆக்கியாச்சு, இததான் ரீப்ரொட்யூசிபிள் பில்ட்னு சொல்றது. மூணு மாசம்னு சொல்லிட்டு ஒம்போது மாசம் ஆயிருச்சு, போன கூட்டத்துல அத பத்தி நிறைய பேர் கேட்டீங்க, கேட்டது நியாயம்தான், அதனால நடந்தத அப்படியே எழுதறோம்.

வேலைய காசு கொடுத்து ஒரு டெவலப்பர்கிட்ட விட்டோம். ரெண்டாவது மாசமே முடிஞ்சுதுன்னு பில் அனுப்பினாரு, கூடவே ரெண்டு பில்டோட எஸ்எச்ஏ256 ஹாஷும் (ஃபைலோட கைரேகை மாதிரி, ஒரு பைட் மாறினாலும் இதுவும் மாறிரும்) ஒத்துப்போற பட்டியல். கமிட்டில ஒருத்தங்க அத தன் வீட்டு லேப்டாப்புல பில்ட் பண்ணிப் பாத்தா பாதிக்கு மேல ஒத்துவரல. விசாரிச்சா ஒரே மெஷின், ஒரே ஃபோல்டர், கடிகாரத்தயும் ஃபேக்டைம்ங்கற கருவி போட்டு நிறுத்திவச்சு ரெண்டு தடவை ஓட்டிருக்காரு, அப்ப ஒத்துவராம என்ன செய்யும்?

டிஃபாஸ்கோப்புங்கற, ரெண்டு ஃபைலுக்கு எங்க வித்தியாசம்னு காட்டுற கருவில ரெண்டு ஃபைலயும் வச்சுப் பாத்தோம். அந்த கமிட்டி உறுப்பினரோட லேப்டாப் தமிழ் லொகேல்ல (மொழி அமைப்புல) இருக்கு, அதனால மேன் பேஜ்ங்கற உதவிப் பக்கத்துல டெவலப்பர் பில்டுல மாசப்பேரு இங்கிலீஷ்ல, லேப்டாப் பில்டுல ‘மார்ச்’னு தமிழ்ல. ஃபாண்ட்ல இன்னும் மோசம். ஃபாண்ட் ஃபைலுக்குள்ள ஹெட் டேபிள்னு ஒண்ணு, திருத்தின நேரத்த 1904 ஜனவரி 1ல இருந்து எத்தன செகண்டுன்னு அதுல எழுதி வைக்கணும், பில்ட் ஓடுற நேரம் போய் அங்க உக்காந்துக்குது. ‘ழ’வோட வளைவு ஒரு புள்ளி நகரல, ஆனா ஹாஷ் வேற.

பாக்கிப் பணத்த நிறுத்தினோம். “ரெண்டு தடவை பில்ட் பண்ணி ஒத்துவரணும்னுதான ஒப்பந்தத்துல இருக்கு”ன்னு அவரு கேட்டாரு, அந்த வரிய நாங்க சரியா எழுதலங்கறது உண்மை. ஆனா வேற மெஷின்ல வராத ஹாஷுக்கு உங்க காச கொடுக்க எங்களுக்கு மனசு வரல. மூணு சுத்து பேச்சுக்கப்புறம் பாக்கில பாதி கொடுத்து முடிச்சுக்கிட்டோம். அது சரியான முடிவுன்னுதான் இன்னைக்கும் நினைக்கறோம்.

மிச்சத்த உறுப்பினர்களே ராத்திரி ராத்திரியா உக்காந்து செஞ்சாங்க. டெபியன்ங்கற லினக்ஸ் விநியோகத்துக்காரங்க 2013லயே ஆரம்பிச்சு பாதை போட்டு வச்சிருக்காங்க, சோர்ஸ் டேட் ஈபாக்ன்னு ஒரு வேரியபிள், சேஞ்ச்லாக்கோட (மாற்றக் குறிப்போட) கடைசி தேதிய அதுல வச்சா கருவிங்க இப்ப மணி என்னன்னு பாக்காம அதயே எடுத்துக்கும். டார் தொகுப்புல ஃபைலுங்க வர்ற வரிசை, ஜிசிப் சுருக்கும்போது எழுதற நேரம், பில்ட் பண்ற ஃபோல்டரோட பாத் எல்லாம் சரி பண்ணியாச்சு.

இதால என்ன பிரயோஜனம்னு கேட்டவங்களுக்கு: 2020ல வெளிய வந்த சோலார்விண்ட்ஸ்ங்கற அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனி மேல நடந்த தாக்குதல்ல சோர்ஸ் சுத்தமா இருந்துச்சு, பில்ட் பண்ற இடத்துல விஷத்த கலந்தாங்க. அந்த மாதிரி நடந்தா ரெண்டாவது ஆளு தனியா பில்ட் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிரும். 2024 எக்ஸ்இசட் விவகாரத்த (ஃபைல சுருக்கற அந்தக் கருவில பின்வாசல் ஒளிச்சு வச்சது) இது மட்டும் தடுத்திருக்காது, அங்க வெளியிட்ட சோர்ஸ் டார்பால்லயே (மூலத்த ஒண்ணா கட்டின ஃபைல்லயே) கோளாறு, அதயும் சொல்லிடறோம்.

பழைய டெஸ்க்டாப் ரெண்டு கொடுத்த மதுரை உறுப்பினர், ஒரு வருஷ சர்வர் வாடகை கட்டின சிங்கப்பூர் தம்பதி, ஆர்ம் போர்டு (ஆர்ம் சிப் போட்ட சின்ன கம்ப்யூட்டர்) அனுப்பின கல்லூரிப் பசங்க, முதல் சம்பளத்துல பங்கு கொடுத்த கோயம்புத்தூர் தங்கச்சி, பேர் வேணாம்னு சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லாருக்கும் நன்றி.

பில்லுங்க, ஒப்பந்த நகல், ஹாஷ் பட்டியல் மூணும் பொருளாளர்கிட்ட இருக்கு. உங்க மெஷின்ல பில்ட் பண்ணி ஹாஷ் ஒத்துவரலன்னா ரெண்டு ஃபைலயும் அனுப்புங்க.