எக்செல் கம்ப்யூட்டருக்கு முன்பே பிறந்துவிட்டது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், நகைக்கடை விளம்பரம் போக மிச்சமிருந்த இடத்தில் வந்த ஆங்கிலப் பகுதியைப் படித்தேன். 'எக்செல்' என்ற வினைச்சொல் அதே பெயருள்ள கணினி மென்பொருள் பிரபலமான பிறகுதான் புழக்கத்துக்கு வந்ததாம். கணக்குப் போடுவதில் அது மற்றதையெல்லாம் முந்தியதால் 'முந்துதல்' என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டதாம். எழுதியவர் எந்த அகராதிக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

உங்களுக்குத் தெரியாததல்ல. மைக்ரோசாஃப்ட் அந்த மென்பொருளை வெளியிட்டது 1985-இல், அதுவும் முதலில் மெக்கின்டாஷுக்கு. விண்டோஸுக்கு வந்தது 1987-இல். சொல்லோ ஏறக்குறைய 600 வருடமாக ஆங்கிலத்தில் இருக்கிறது. 'எக்செல்லெரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; உயர்ந்து நிற்பது, மற்றவர்களுக்கு மேலே எழுவது என்று பொருள். உயரத்தைக் குறிக்கும் 'செல்சுஸ்' என்ற லத்தீன் சொல்லும் அதற்குச் சொந்தம்தான். நியூயார்க் மாநில முத்திரையில் 'எக்செல்சியர்' என்று இருக்கிறதே, அதுவும் அதே குடும்பம். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தில், எத்தனையோ பெண்கள் நல்லது செய்திருக்கிறார்கள், நீ அவர்கள் எல்லாரையும் மிஞ்சிவிட்டாய் என்று மனைவியைக் கணவன் புகழும் இடத்தில் இந்த வினைச்சொல்தான் நிற்கிறது. மென்பொருள் வர அப்போது இன்னும் 374 வருடம் பாக்கி. ஷேக்ஸ்பியர்கூட சில்வியா என்ற பெண்ணைப் பற்றிய பாட்டில் இதைப் போட்டிருக்கிறார், அவர் எந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தாரோ.

சரி, வரலாற்றை விடுங்கள். கீழே கொடுத்த உதாரண வாக்கியம் இன்னும் மோசம்: 'ஷி எக்செல்ஸ் தேன் அதர்ஸ்'. 'மற்றவர்களை விட' என்று தமிழில் நினைத்துக்கொண்டு 'தேன்' (than) போட்டிருக்கிறார்கள். 'பெட்டர்' என்றால் 'தேன்' வரும், எக்செல்லுக்கு வராது. மிஞ்சுதல் என்ற பொருள் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது, மிஞ்சப்பட்டவரை நேராகப் பக்கத்தில் வைத்தால் போதும். இன்று அந்த வழக்கும் குறைந்துபோய், 'எக்செல்ஸ் இன் மேத்ஸ்', 'எக்செல்ஸ் அட் செஸ்' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எழுத்துக்கூட்டலிலும் கோட்டை விட்டீர்கள். 'எக்செலன்ட்' என்பதில் இரண்டு 'எல்', 'எக்செல்டு' என்பதிலும் இரண்டு, ஆனால் வெறும் 'எக்செல்' என்றால் ஒன்றே ஒன்று. நீங்கள் தலைப்பிலேயே தாராளமாக இரண்டு போட்டீர்கள்.

இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நான் மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறவன். உங்கள் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டச் சொன்னதும் நான்தான். இந்த வாரம் ஒரு மாணவியின் வாக்கியத்தில் 'தேன்' என்பதை அடித்தேன். உடனே நோட்டைப் புரட்டி, "சார், பேப்பர்லயே போட்டிருக்கு" என்று காட்டுகிறாள். பேப்பரா, சாரா என்றால் பேப்பர்தான் ஜெயிக்கிறது. அவள் அம்மா வேறு மறுநாள் வந்து, ரொம்ப மரியாதையாக, "நீங்க பழைய இங்கிலீஷ் நடத்துறீங்களோ சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு, முந்திச் செல்வதைக் குறிக்கும் 'அவுட்ஸ்ட்ரிப்' என்ற சொல்லுக்கு ஆடையைக் களைவதோடு முடிச்சுப் போட்டு ஒரு விளக்கம் கொடுத்தீர்கள். வகுப்பில் பையன்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை. அந்த 'ஸ்ட்ரிப்' வேகமாகப் போவதைக் குறித்த, இப்போது வழக்கொழிந்த வேறு சொல் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். நீங்களும் பிரசுரித்தீர்கள். எப்படி? 'தங்கள் ஆங்கிலப் பகுதி மாணவர்களுக்குப் பயனுள்ளதாக இருக்கிறது' என்ற என் முதல் வரியை மட்டும், என் பெயரோடு! மரியாதைக்காக எழுதிய வரி, ஐயா அது. மீதிப் பக்கம் எங்கே போனது? குறுக்கெழுத்துப் போட்டியில் போன வாரத்து விடையே இந்த வாரமும் வந்ததைப் பற்றி எழுதியதற்கு அந்த ஒரு வரி மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

ஆங்கிலத்தில் ஒருவர் வழக்கத்தைவிட மோசமாகச் சொதப்பினால், 'உன்னையே நீ மிஞ்சிவிட்டாய்' என்று இதே எக்செல்லை வைத்துக் கிண்டல் செய்வார்கள். உங்கள் பகுதி இந்த வாரம் அந்தப் பயன்பாட்டைத்தான் செய்து காட்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அதே இடத்தில், அதே எழுத்து அளவில் திருத்தம் போடுங்கள்: மென்பொருளுக்கு முந்தைய சொல், 'தேன்' வராது, 'எல்' ஒன்று. விளம்பரம் அதிகமாகி இடம் போதவில்லை என்றால் 'தேன்' வராது என்பதையாவது போடுங்கள், அதை வெட்டி அந்தப் பிள்ளையின் நோட்டில் ஒட்ட வேண்டும். இந்தக் கடிதத்தை நீங்கள் சுருக்குவதிலும் ஆட்சேபம் இல்லை. பாராட்டு வரி எதுவும் இந்த முறை எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
கும்பகோணம்