எந்த டிரைவ் என்று முதலில் பார்

அன்பு மகளுக்கு,

நேற்று நாம் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே உன் லேப்டாப்பிலிருந்து அந்த ஓசை மூன்று தடவை கேட்டது. "டிஸ்கில் இடம் இல்லையாம், திரும்பத் திரும்ப வந்து நிற்கிறதம்மா, இதை எப்படி நிறுத்துவது?" என்று கேட்டாய். நீ வேலை அவசரத்தில் இருந்தாய். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நிறுத்த வழி இருக்கிறது. அதற்கு முன் ஒன்று செய். அடுத்த முறை அது வரும்போது உடனே மூடாமல், எந்த டிரைவின் எழுத்தைச் சொல்கிறது என்று படித்துப் பார். சி என்று இருந்தால் ஒரு கதை, வேறு எழுத்தாக இருந்தால் வேறு கதை.

வேறு எழுத்து என்றால் அது மீட்புப் பகுதியாக இருக்கக்கூடும், ரெக்கவரி பார்ட்டிஷன் என்பார்களே, அது. விண்டோஸ் கெட்டுப்போனால் சரிசெய்வதற்கான கோப்புகள் அதில் இருக்கும். பெரும்பாலும் சில நூறு எம்பிதான் அதன் அளவு, அதுவும் கிட்டத்தட்ட நிறைந்தேதான் இருக்கும். சாதாரணமாக அதற்கு எழுத்தே கிடையாது, நம் கண்ணிலும் படாது. எப்படியோ எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டால், விண்டோஸ் அதையும் மற்ற டிரைவ்களைப் போல நினைத்துக் கண்காணிக்கத் தொடங்கிவிடும். காலி இடம் 200 எம்பிக்குக் கீழே இருக்கிறது என்று கண்டதும் எச்சரிக்கும். 2018-இல் விண்டோஸ் 10-க்கு 1803 என்ற அப்டேட் வந்தபோது பலருடைய கணினிகளில் இதுதான் நடந்தது. ஒன்றும் பழுதில்லாத கணினியை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் பயந்துபோனார்கள்.

அப்படியானால் அந்த எழுத்தை எடுத்துவிட்டால் போதும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். அதில் அந்தப் பகுதியின் மேல் வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் வரியைத் திறந்து, ரிமூவ் கொடு. சில சமயம் அந்த வரியே வராது. அப்போது கமாண்ட் பிராம்ப்ட்டை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையை, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'மவுண்ட்வால்' (mountvol) என்று ஆங்கிலத்தில் அடி. ஓர் இடைவெளி விட்டு டிரைவின் எழுத்தும் கோலனும், மறுபடி ஓர் இடைவெளி விட்டு சாய்கோடும் டி-யும் (/D). என்டர் தட்டினால் எழுத்து போய்விடும். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. ஆனால் அந்தப் பகுதியையே டெலீட் செய்துவிடாதே கண்ணு, என்றைக்காவது விண்டோஸ் எழுந்திருக்காமல் போனால் அதுதான் கைகொடுக்கும்.

சில லேப்டாப்களில் மீட்புப் பகுதியை எழுத்தோடு, கண்ணுக்குத் தெரியும்படியே வைத்துத் தந்திருப்பார்கள். இரண்டாவது டிரைவ் என்று நினைத்துக்கொண்டு அதில் போட்டோக்களையோ பேக்கப்பையோ போட்டுவிடுவோம். நீ அப்படி எதையாவது வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடு. அந்த டிரைவில் நீ வைத்ததை மட்டும் எடு, மற்றதைத் தொடாதே.

இனி, எச்சரிக்கையை ஒரேயடியாக அணைக்கும் வழி. விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்ற உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திற. கரண்ட் யூசர் என்று முடியும் கிளைக்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், பாலிசீஸ், எக்ஸ்ப்ளோரர் என்று வரிசையாகப் போக வேண்டும். எக்ஸ்ப்ளோரர் இல்லையென்றால் அந்தப் பெயரில் ஒரு கீ உருவாக்கிக்கொள், கீ என்பது ஃபோல்டர் மாதிரிதான். அதில் 32 பிட் டிவேர்ட் (DWORD) என்ற வகையில் எண் மதிப்பு ஒன்று சேர். அதன் பெயர் 'நோ லோ டிஸ்க் ஸ்பேஸ்', கூடவே 'செக்' என்ற சொல்லின் பன்மை, எல்லாம் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் (NoLowDiskSpaceChecks). மதிப்பு 1. சைன் அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வந்தால் எச்சரிக்கை வராது. திரும்ப வேண்டுமென்றால் அதை 0 ஆக்கு.

இதை நான் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது ஒரு டிரைவுக்கு மட்டும் என்று அணையாது. உன் கணக்கில் எல்லா டிரைவுக்கும் சேர்த்து அணைந்துவிடும், சி உட்பட. முன்பு நான் அலுவலகக் கணினியில் இதைத்தான் செய்தேன். தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். சில மாதங்கள் கழித்து சி டிரைவ் நிறைந்தது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலை முழுக்க உட்கார்ந்து எழுதிய அறிக்கையைச் சேமிக்கப் போனபோது சேமிக்க முடியவில்லை. அன்றிரவு அதை முதலிலிருந்து எழுதினேன். உனக்கு அப்படி ஓர் இரவு வர வேண்டாம்.

ஒருவேளை எச்சரிக்கை சி-யைப் பற்றித்தான் என்றால், அதை அணைக்காதே. இடம் இல்லாவிட்டால் பாதுகாப்பு அப்டேட்கூட இறங்காது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும், யோசிக்காமல் அதை டிக் செய்துவிடாதே. நீ எல்லாவற்றையும் அங்கேதான் போட்டு வைப்பாய், எனக்குத் தெரியும். 'வின் எஸ் எக்ஸ் எஸ்' (WinSxS) என்ற விண்டோஸின் சொந்த ஃபோல்டர் பெரிதாகத் தெரிந்தாலும் கையால் அழிக்காதே, விண்டோஸே ஓடாமல் போகலாம். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாயா? பலருக்கு அதிலேயே சில ஜிபி கிடைத்துவிடுகிறது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும் அந்தத் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. எந்தப் பகுதி எது என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்கப்புறம் ரிமூவ் கொடுக்கலாம். இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா