பாம்பனிலிருந்து பாப்பாவுக்கு

பாப்பா,

நல்லா இருக்கியா என்று கேட்டால் "இருக்கேம்மா" என்பாய், அதனால் கேட்கவில்லை.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரைக்கு வந்த அன்று அப்பா ஆசையாக நகரை மீன் வாங்கி வந்தாரே, அதைக் குழம்பிலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசித் தின்றாய். சோற்றைத் தொடவில்லை. கேட்டால், "என் ரூம்ல இருக்கறவ ராத்திரிக்கு ஒரு வெள்ளரிக்காயோட முடிச்சுக்கறா" என்றாய். பிறகு குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் குளியலறையில் இருந்தாய். அதையும் கவனித்தேன். திட்டுவதற்காக எழுதவில்லை.

அங்கன்வாடியில் எடை போடும்போது, "அவ பிள்ளை எத்தனை கிலோ டீச்சர்?" என்றுதான் தாய்மார்கள் முதலில் கேட்பார்கள். நான் பார்ப்பது வளர்ச்சி அட்டையில் அந்தப் பிள்ளையின் போன மாதப் புள்ளியை. கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா? உன் கோடு இறங்குகிறது, பாப்பா.

பிஜித் தீவு தெரியுமல்லவா, நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன இடம். அந்த மண்ணின் மக்களுக்குச் சதைப்பிடிப்பான உடம்புதான் அழகு. அங்கே ஒரு பகுதிக்கு 1995-ல் டிவி வந்தது. மெலிவதற்காக வாந்தி எடுத்ததாகச் சொன்ன பள்ளிப் பெண் அப்போது ஒருத்திகூட இல்லை. 1998-ல் மறுபடி கேட்டபோது நூற்றுக்குப் பதினொரு பேர். ஆன் பெக்கர் என்ற மனநல மருத்துவரின் ஆய்வு இது. அவர்களுக்கு வீட்டுக்கூடத்து டிவிதான். உனக்கோ போர்வைக்குள்ளேயே போன்.

நம்மைவிட ஒல்லியானவளைத்தான் கண் தேடும், குண்டானவளைத் தேடாது. அவளைப் பார்த்துப் பட்டினி கிடந்தால் நடுராத்திரியில் பசி வெறியாக வரும். அள்ளித் தின்றபின் குற்ற உணர்ச்சி, வாந்தி, மறுநாள் திரும்பவும் பட்டினி. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறும். ஆள் பார்க்கச் சாதாரணமாக இருக்கும்போதே அது நடக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றாயே, அதையும் மருத்துவரிடம் சொல். ரத்தப் பரிசோதனை கேள். மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும், கூச்சப்படாதே. நேரில் போகுமுன் பேச வேண்டுமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

"அக்காவைப் பாரு, எப்படி சிக்குன்னு இருக்கா" என்று சித்தி சொல்வதை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை போன் போடு. எத்தனை இட்லி என்று கேட்க மாட்டேன், டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாயா என்று மட்டும் கேட்பேன். துணைக்கு வரச் சொன்னால் ராத்திரி ரயிலுக்கே கிளம்பிவிடுவேன்.

அம்மா