எங்கட படங்களை மீட்டுத் தந்த எல்லாருக்கும்

அன்பான அண்ணைமார், அக்காமார், தம்பி தங்கச்சிமாருக்கு,

வட்டக்கச்சியில் இருந்து எழுதுகிறேன். ஊர்க் குடும்பப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிற கணினிப் பெட்டி திரும்ப ஓடுகிறது. நேற்றுப் பின்னேரம் கடைசிக் கோப்புறையையும் சரிபார்த்து முடித்தேன். போனில் எல்லாருக்கும் தனித்தனியே நன்றி சொன்னேன்தான். ஆனால் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. வவுனியா அண்ணைக்கு அறிவியல் நகர்த் தம்பியைத் தெரியாது, கராஜ் ஐயாவுக்கு ரொறன்ரோப் பெரியம்மாவைத் தெரியாது. எல்லாரும் சேர்ந்துதான் இது நடந்தது என்பதை நீங்கள் எல்லாரும் அறிய வேண்டும், அதனால் இருந்து எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சிலருக்கு முழுதாகச் சொல்லவில்லை. 2008 கடைசியில் யுத்தத்தால் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா அல்பங்களை ஒரு அரிசி உரப்பைக்குள் போட்டுக் கட்டினா. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று அந்தப் பையும் எங்களோடு வந்தது, புதுக்குடியிருப்பில் ஒரு பங்கருக்குள் விட்டதுதான், பிறகு காணவில்லை. மாத்தளனுக்குப் பிறகு அப்பாவும் இல்லை. செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியே வந்தபோது எங்களிடம் அடையாள அட்டைப் படங்களைத் தவிர வேறு படமே இருக்கவில்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் படங்கள் வேறு இடத்தில் இருந்தன. கலியாணம், சாமத்தியவீடு, முதலாம் பிறந்தநாள் என்று எடுத்த படங்களில் ஒரு பிரதி எப்போதும் வெளிநாட்டுக்குப் போகும். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஊருக்கு வந்துபோன சொந்தக்காரரும் கமராவோடுதான் வந்தார்கள். அந்தப் படங்களை ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பாரிசில் இருந்தும் திரும்ப ஊருக்கு எடுத்து, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் பண்ணி, யார் எவர் என்று பெயர் எழுதி வைக்கிற வேலையை 2021 இல் தொடங்கினேன். முதலில் எங்கள் வீடு, பிறகு பக்கத்து வீடு, இப்போது 46 குடும்பங்கள். ஒரு 4×6 படம் சுருக்காமல் வைத்தால் 25 எம்பி வரும். பழைய வீடியோ கசற்றுகளையும் சேர்த்து மொத்தம் 2.6 டிபி, அதாவது 2,600 ஜிபி.

பெட்டியை அமைத்துத் தந்தது வவுனியா அண்ணை. கந்தோர் ஒன்றில் கழித்துவிட்ட டெஸ்க்டொப் ஒன்றை எடுத்து, மூன்று 2 டிபி டிஸ்க் போட்டு, கோப்புகளைச் சேமித்து வைக்கிற ஓப்பன்மீடியாவோல்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்புகிற மாதிரி மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கிற ரெயிட் 5 முறையில் ஆக்கித் தந்தார். ரூபாய் விழமுதல் டிஸ்க்கை வாங்கு என்று பிடிவாதமாக நின்றதும் அவர்தான், 2022 மார்ச்சுக்குப் பிறகு அதே டிஸ்க்கை நான் நினைத்துப் பார்த்திருக்கவும் முடியாது. அந்த வருடம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், அதற்குள்ளும் பெட்டிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அட்டவணை போட்டு வெட்டினபடியால் நேரத்துக்கு முதலே போய் ஒழுங்காக நிப்பாட்டி விடுவோம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, அப்படி இல்லை. நாடு முழுக்க ஒரேயடியாகக் கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு நிமிசம்கூடத் தாங்கவில்லை, பற்றரி பழுதாகிப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும். இரவு பெட்டியைப் போட்டால் மூன்று டிஸ்க்கும் தெரிகிறது, ஆனால் படங்கள் இருந்த பகுதி இல்லை. திரையில் புதிதாக ஒன்றை உருவாக்கு என்ற பொத்தான் மட்டும் நிற்கிறது. அதை அமத்தினால் பழையது திரும்ப வந்துவிடும் என்று நினைத்து மவுசை அதன் மேல் கொண்டுபோய் விட்டேன். ஏதோ ஒரு பயத்தில் அண்ணைக்கு ஒருக்கால் எடுத்துக் கேட்போம் என்று எடுத்தேன். இரவு பதினொரு மணி இருக்கும், இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"தம்பி, முதல் பெட்டியை நிப்பாட்டு. ஒண்டையும் அமத்தாத. விடிய கதைப்பம்."

அண்ணை, அந்த மூன்று வசனம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. ஏன் என்று பிறகு விளங்கியது: புதிதாக உருவாக்கினால் அது டிஸ்க்குகளின் ஒழுங்கைத் தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, சமன் பார்க்கிறேன் என்று பழைய தரவுக்கு மேலேயே எழுதத் தொடங்கிவிடும். எழுதினால் எழுதினதுதான்.

அடுத்த நாள் பின்னேரம் அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிற தம்பி, பரீட்சை வைத்துக்கொண்டு, மோட்டுச் சைக்கிளில் வந்து சேர்ந்தான். சாப்பிடச் சொல்லியும் கேட்கவில்லை. டிஸ்க்குகளில் எதையும் எழுதாமல், எம்டிஏடிஎம் என்ற கருவியால் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருக்கிற குறிப்பை மட்டும் வாசித்து, ஒரு சி.ஆர். கொப்பியில் மூன்று வரி எழுதினான். முதலாவது டிஸ்க்: 48217. இரண்டாவது: 41090. மூன்றாவது: 48214. இதுவரை எத்தனை மாற்றம் நடந்தது என்று ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்குள் எழுதி வைக்கிற எண்ணிக்கை அது. முதலாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒன்று. இரண்டாவது மட்டும் எங்கேயோ பின்னுக்கு நிற்கிறது. அதன் கடைசித் திகதியைப் பார்த்தால் டிசம்பர் மாதம்.

அதாவது, இரண்டாவது டிஸ்க் டிசம்பரிலேயே கழன்றுவிட்டது. பழுது டிஸ்க்கில் இல்லை, அதைப் பெட்டியோடு இணைக்கிற சாட்டா கேபிள் தளர்ந்திருந்தது. ரெயிட் 5 இல் மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டையும் வைத்து அதைக் கணக்குப் போட்டு எடுக்கலாம், அதனால் பெட்டி ஒரு குறையும் காட்டாமல் ஓடிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்து வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், நான் கொடுக்கவில்லை. ஒன்றரை மாதம் இரண்டு டிஸ்க்கில் நின்ற பிறகு, கரண்ட் போன அன்று மூன்றாவதிலும் கெட்ட செக்டர்கள், அதாவது தரவை வாசிக்க முடியாத சின்னத் துண்டுகள், வந்துவிட்டன. டிஸ்க் தன் நிலைமையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் அறிக்கையில் வாசிக்க முடியாமல் காத்திருக்கிற செக்டர் 312 என்று காட்டியது.

நான் இரண்டாவதைச் சேர்ப்போமே, அது நல்ல டிஸ்க்தானே என்று கேட்டேன். தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். "அண்ணை, அது டிசம்பர்க் கணக்கோட நிக்குது. மற்றது ரெண்டும் பெப்ரவரியில நிக்குது. மூண்டையும் கலந்தா எல்லாம் குழம்பிடும்." அதைக் கழற்றி, ஒரு துவாயில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்தான். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னான்: மூன்றாவது சாகமுதல் அதை அப்படியே வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும், மீட்பு வேலையெல்லாம் பிரதியில்தான், மூலத்தில் இல்லை.

புது 2 டிபி டிஸ்க்கை வவுனியா அண்ணை கடனுக்குத் தந்து, செவ்வாய் விடிய பஸ்ஸில் ஏற்றி விட்டார். அந்த பஸ் கொண்டக்டர் அண்ணையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பார்சலை மேல் தட்டில் போட்டிருக்கலாம், எல்லாப் பார்சலும் அங்கேதான் போகும். கிளிநொச்சி டிப்போவுக்கு முன்னால் பஸ் நின்றபோது அவர் அதைத் தன் காசுப் பையோடு சேர்த்து மடியில் வைத்திருந்தார். "குலுங்கக் கூடாதெண்டு சொன்னவை" என்று சொல்லித் தந்துவிட்டு ரைற் என்று கத்திக்கொண்டு போய்விட்டார். இதை அவர் எங்கேயாவது பார்த்தால், அண்ணை, அந்த டிஸ்க்தான் இப்போது பெட்டிக்குள் ஓடுகிறது.

அடுத்தது கரண்ட். அந்தக் கிழமையும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு என்று அறிவித்திருந்தார்கள், வீட்டில் நம்பிப் போட முடியாது. சந்தியில் கராஜ் வைத்திருக்கிற ஐயாவிடம் சோலாரும் பெரிய பற்றரியும் இருக்கிறது. கேட்டவுடன் தன்னுடைய மேசையில் இருந்த கணக்குக் கொப்பிகளை எடுத்து வைத்துவிட்டு இடம் தந்தார். மூன்றரை நாள் அங்கேதான் ஓடியது. நல்ல டிஸ்க் என்றால் 2 டிபியை வாசிக்க நாலைந்து மணித்தியாலம் போதும், இது கெட்ட இடம் வருகிற ஒவ்வொரு முறையும் நின்று நின்று மூச்சு வாங்கியது. ஐயா தன்னுடைய மேசை விசிறியை டிஸ்க்குக்குத் திருப்பி வைத்துவிட்டு, தான் வெக்கையில் இருந்தார். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் என்ன சூடு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 42 பாகைக்கு மேல் டிஸ்க் போகவில்லை.

பிரதி எடுத்த மென்பொருள் டிடிரெஸ்கியூ. அது கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. முதல் சுற்றில் நல்ல இடங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, சிக்கலானதைத் தாண்டிப் போய்விடும், பிறகுதான் திரும்ப வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எங்கே வரை வந்தேன், எது மிச்சம் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். இடையில் ஒருமுறை கேபிள் தட்டுப்பட்டு எல்லாம் நின்றது. எனக்குக் கை கால் ஆடவில்லை. திரும்பப் போட்டால் விட்ட இடத்தில் இருந்தே தொடங்கியது. அதை எழுதிய அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவருக்கு வட்டக்கச்சிச் சந்தியில் ஒரு கராஜ் மேசை இருப்பது தெரியப்போவதில்லை, ஆனாலும் அவருக்கும், ஓப்பன்மீடியாவோல்ட்டை உருவாக்கிய வோல்கர் தைலேக்கும் என் நன்றி. காசு வாங்காமல் இப்படியான பொருளைச் செய்து உலகத்துக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடை என்று அந்த மூன்றரை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி இரவு முடிந்தது. 2 டிபியில் வாசிக்க முடியாமல் போனது 1.3 எம்பி மட்டும். தம்பி திரும்ப வந்து, முதலாவது டிஸ்க்கையும் பிரதியையும் வற்புறுத்திச் சேர்த்து, எழுத முடியாதபடி வாசிக்க மட்டும் திறந்தான். கோப்புறைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா அதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அந்த ஐந்து நாளும் கேட்கவில்லை. அப்போதுதான் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, "அப்பான்ர படம் கிடக்கோ?" என்றா.

திறந்தேன். 2003 இல் இரணைமடுக் குளக்கட்டில் எடுத்தது. அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி, சேட்டின் மேல் பொத்தான் ஒன்று இல்லை. வலது பக்கக் கீழ் மூலையில் கமரா அடித்த செம்மஞ்சள் திகதி. ஒரு புள்ளியும் பழுதில்லை. அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தா. தம்பி எழும்பி வெளியே போய் மோட்டுச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

23 படங்கள் பழுதாகின. சிலதில் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு, சிலதில் கலர் மணலைக் கொட்டினது போல ஒரு பட்டை. ஒரு கலியாணப் படத்தில் அந்தக் கோடு மாலைக்கு நடுவால் சரியாகப் போகிறது. அதில் 19 படங்கள் ரொறன்ரோப் பெரியம்மாவின் அல்பத்தில் இருந்து வந்தவை. பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பனிக்குள்ளே போகவேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல, அல்பத்தைத் தூக்கிக்கொண்டு பேரனோடு போய், 19 படத்தையும் திரும்ப ஸ்கான் பண்ணி அனுப்பினா. பெரியம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மிச்சம் நாலும் மல்லாவியில் ஒரு குடும்பத்தினுடையவை, மூலப்படம் அவர்களிடமே இருக்கிறது, வருகிற கிழமை போய் எடுப்பேன்.

இனி இப்படி நடக்காமல் இருக்கச் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலர் கேட்டீர்கள். ரெயிட் இருக்கிறது என்பதற்காக வேறு பிரதி வேண்டாம் என்று நான் நினைத்தது பிழை. டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட அது உதவும், அவ்வளவுதான், மின்னல் அடித்தால் மூன்றும் ஒன்றாகப் போகும். இப்போது முழுப் பிரதி ஒன்று வவுனியாவில் மச்சான் வீட்டில் இருக்கிறது, மாதம் ஒருக்கால் நானே கொண்டுபோய்ப் புதுப்பிக்கிறேன். யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போட்டாயிற்று, யூஎஸ்பி வயரால் பெட்டியோடு இணைத்தும் விட்டோம், கரண்ட் போய் மூன்று நிமிசத்தில் வராவிட்டால் பெட்டி தானாக ஒழுங்காக நின்றுவிடும். டிஸ்க் ஒன்று முனகினாலும் என் போனுக்கும் தம்பியின் போனுக்கும் செய்தி வரும். அதை அவனே கேட்டு வாங்கினான். ஒரு நாள் கேபிளைக் கழற்றிப் பார்த்துச் சோதித்தோம், இருபது செக்கனில் இரண்டு போனும் அடித்தது.

கடைசியாக, முல்லைத்தீவில் கலியாண வீடியோ எடுக்கிற அண்ணைக்கு. மீட்டதை இறக்கி வைக்க 4 டிபி டிஸ்க் வேண்டும் என்றபோது, சீசன் நேரம் என்றும் பாராமல், தன்னிடம் இருந்ததை வெறுமையாக்கித் தந்தவர் அவர். காசு தருகிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டார். அண்ணை, எல்லாவற்றையும் இறக்கியாயிற்று, வருகிற சனிக்கிழமை டிஸ்க்கைக் கொண்டுவருகிறேன். அதை அழிக்காமல்தான் தருவேன். உங்கள் வீட்டு அல்பமும் முள்ளிவாய்க்காலோடு போனது என்று அன்றைக்குச் சொன்னீர்கள். எங்கள் கோப்புறைகளில் 2004 ஆம் ஆண்டு ஒரு சாமத்தியவீட்டுப் படத்தில், பந்திக்குப் பின்னால், தோளில் கமராவோடு ஒரு பெடியன் நிற்கிறான். எனக்கு நீங்கள் போலத்தான் தெரிகிறது. ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ.

அன்போடும் நன்றியோடும்,
வட்டக்கச்சியில் இருந்து உங்கள் தம்பி