ஒரே கட்டிக்கு எதற்கு இரண்டு ஊசி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மார்பகப் புற்றுநோய் மருந்துகள் பற்றிய கட்டுரை படித்தேன். நொதியைப் பூட்டு, சாவி என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புக்கு அது போதும். செல்லுக்குள் சேதி எப்படிப் போகிறது என்று சொல்ல அது போதாது. ஒரே கட்டிக்கு ஏன் இரண்டு ஊசி என்பது அதைச் சொன்னால்தான் புரியும்.

செல்லின் சவ்வில் நின்று வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் சேதியை வாங்கும் புரதம் ஈ.ஜி.எஃப். ஏற்பி. அதன் உள்முனையில், புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும் கைனேஸ் என்ற நொதி இருக்கிறது. ஏற்பி தனியாக நிற்கும்வரை அந்த நொதி பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. எங்கள் கடலில் தகராறுக்குக் காரணமான இரட்டைமடி வலைக்கு இரண்டு விசைப்படகு வேண்டும் அல்லவா, அதுபோல. ஆனால் இங்கே இரண்டும் சமமாக இழுப்பதில்லை. ஒரு கைனேஸின் கீழ்ப்பகுதி மற்றதன் மேல்பகுதியை முட்டுகிறது. முட்டு வாங்கியதுதான் வடிவம் மாறி வேலையில் இறங்குகிறது. 2006-ல் இதைக் காட்டியது, புரதங்களின் வடிவத்தை ஆராயும் விஞ்ஞானி ஜான் குரியனின் குழு. (அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடங்கியவர். அதையாவது எழுதியிருக்கலாம்!) பிறகு ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏறும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த புரதங்கள் வரும், பெருகச் சொல்லும் சேதி உட்கருவரை போய்விடும்.

அதே ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்-2 இன்னும் விசித்திரம். அதற்கென்று ஒரு வளர்ச்சிக் காரணி இதுவரை அகப்படவில்லை. ஜோடி சேரக் கையை நீட்டியபடியே நிற்கும். அதே குடும்பத்து ஹெர்-3-க்கோ சொந்த நொதித்திறன் மிகச் சொற்பம். இந்த இரண்டும் சேரும்போதுதான் சேதி மிகப் பலமாகப் போகிறது.

சிகிச்சைக்கு மதுரை போய்வரும் குடும்பத்தார் என்னிடம் கேட்பது, "ஒரே கட்டிக்கு எதுக்கு சார் ரெண்டு ஊசி?" கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை. முதல் ஊசி, அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப்; அது ஹெர்-2 புரதத்தில் செல் சவ்வை ஒட்டிய பகுதியைப் பிடிக்கிறது. இரண்டாவது ஊசி, 2012-ல் வந்த பெர்ட்டுசுமாப்; அது ஜோடி சேர நீட்டிய அந்தக் கையையே மறிக்கிறது. பிடிக்கும் இடம் வேறு வேறு என்பதால் ஒன்றுக்கு மற்றது இடைஞ்சல் இல்லை. சதைப் பரிசோதனையில் ஹெர்-2 மிகுதி என்று தெரிந்தவர்களுக்குத்தான் இவை; எல்லா மார்பகக் கட்டிக்கும் அல்ல. இதையும் கட்டுரை கண்டுகொள்ளவில்லை.

மருந்தின் விலைக்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள், சரிதான். அடுத்த இதழில் ஹெர்-2, ஹெர்-3 ஜோடியின் படத்தைக் கால் பக்கமாவது போடுங்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பிளஸ் டூ உயிரியல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் இதழை நூலகத்தில் வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மண்டபம்.