மருத்துவர் வராமல் கூண்டுக் கதவைப் பூட்டாதீர்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில், கூண்டுக்குள் மோதும் எம்.எம்.ஏ. என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி நடத்தும் அமைப்பாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஓசூர் அருகே திருமண மண்டபத்தில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது சுற்றில் தாடையில் அடி வாங்கிச் சாய்ந்த பாலக்கோட்டுப் பையன் கண் திறக்க வெகுநேரம் ஆனது. கூட்டத்தில் மருத்துவர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், போட்டி பார்க்க வந்த ஒருவரின் காரில் பின்சீட்டில் கிடத்திக் கொண்டுபோனார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். பிழைத்ததால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அடுத்த போட்டிக்கான சுவரொட்டி ராயக்கோட்டை சாலையில் அதற்குள் ஒட்டியாகிவிட்டது. பரிசுத்தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது, சிறப்பு விருந்தினர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. மருத்துவர் வருவார் என்று ஒரு வரி இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மருத்துவரும் ஆம்புலன்ஸும் வந்து நிற்காமல் கூண்டுக் கதவைப் பூட்டாதீர்கள்.

அடி விழுந்த காட்சி கைபேசிகளில் சுற்றுகிறது. அன்று காலை எடை பார்த்ததை யாரும் படமெடுக்கவில்லை. 61 கிலோ பிரிவுக்குள் வருவதற்காக அந்தப் பையன் முந்தைய நாளிலிருந்தே தண்ணீரைத் தொடவில்லை. விடியற்காலையில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். வாயில் எச்சில் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டு, ஒரு காலி பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தான். உதடு வெடித்து, வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. எடை மேடையில் நூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. இரண்டு பேர் துண்டை மறைப்பாகப் பிடிக்க, உள்ளாடையையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறி நின்றான். கைதட்டினீர்கள். சாயங்காலமே அவனைக் கூண்டுக்குள் அனுப்பினீர்கள். நீர் வற்றிய உடலோடு தலையில் அடி வாங்குவது எவ்வளவு ஆபத்து என்று விளையாட்டு மருத்துவர்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது பயிற்சியாளர் அல்லவா?

2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங், மணிலாவில் நடக்கவிருந்த, ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்.எம்.ஏ. அமைப்பின் போட்டிக்கு எடை குறைக்கும்போது இறந்தார். வயது 21. அந்த அமைப்பு அதே மாதமே, உடல் நீரை வற்றவைத்து எடை குறைப்பதற்குத் தடை விதித்தது. உங்களில் பலருடைய பயிற்சிக்கூடச் சுவரில் அந்த அமைப்பின் வீரர்கள் படமாகத் தொங்குகிறார்கள். படத்தை எடுத்துக்கொண்ட நீங்கள் விதியை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த விளையாட்டை வெறுப்பவன் எழுதும் மடல் அல்ல இது. பூஜா தோமர் 2024 ஜூனில், எம்.எம்.ஏ. போட்டிகள் நடத்தும் அமெரிக்க அமைப்பான யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனபோது எங்கள் தெருவுக்கே இனிப்பு கொடுத்தவன் நான். குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலக்கும் இந்தக் கலையில், பிடியில் சிக்கியவன் எதிராளியின் தோளில் இரண்டு தட்டு தட்டியதும் பிடி சட்டென்று விடுபடுகிறதே, அந்த நாகரிகத்துக்காகவே நான் இதைப் பார்க்கிறேன். 1993-இல் அமெரிக்காவின் டென்வரில் முதல் யு.எஃப்.சி. நடந்தபோது எடைப் பிரிவே கிடையாது. மனிதச் சேவல் சண்டை என்று அந்நாட்டு செனட்டர் ஜான் மெக்கெய்ன் சாடினார், அங்கே பல மாநிலங்கள் தடை செய்தன. நியூ ஜெர்சியில் 2001-இல் ஒருங்கிணைந்த விதிகள் வகுக்கப்பட்டு, அரசு ஆணையங்களின் மேற்பார்வை வந்த பிறகுதான் இதற்கு விளையாட்டு என்ற மரியாதை கிடைத்தது. இங்கே ஓர் உயிர் போனால் மாவட்ட நிர்வாகம் ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் மூடிவிடும். ஒழுங்காக நடத்துபவர்களும் சேர்ந்து அழிவார்கள்.

நம் மாவட்டத்தில் எருது விடும் விழாவுக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அனுமதி வேண்டும், தடுப்பு வேண்டும், மருத்துவக் குழு வேண்டும், காளையைக் கால்நடை மருத்துவர் பரிசோதித்தாக வேண்டும். அனுமதி தாமதமானது என்று 2023 பிப்ரவரியில் ஓசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையையே மறித்தார்கள். காளைக்கு இத்தனை கவனிப்பு இருப்பது நியாயம்தான், இருக்கட்டும். மனிதப் பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்க ஒருவர் வேண்டாமா? சிறப்பு விருந்தினருக்கு ஆளுயர மாலை போடப் பணம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் நுழைவுக் கட்டணம் வாங்குகிறீர்கள், என்ன நடந்தாலும் தங்கள் பொறுப்பல்ல என்று தாளில் கையெழுத்தும் வாங்குகிறீர்கள். அந்தத் தாளை வீட்டில் காட்டிவிட்டு வந்த பையன் ஒருவனைக்கூட நான் சந்தித்ததில்லை. விபத்து என்றால் 108 வரும் என்கிறீர்கள். தொப்பூர் கணவாயில் லாரிக்கடியில் கிடப்பவருக்கு ஓட வேண்டிய வண்டி அது. முன்கூட்டியே நாள் குறித்து நடத்தும் சண்டைக்கு நீங்கள்தான் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். மருத்துவரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் கதவைப் பூட்டாதீர்கள். எடை பார்ப்பதை முந்தைய நாளுக்கு மாற்றுங்கள், துப்பியும் வியர்த்தும் எடை குறைத்தவனை அங்கேயே திருப்பி அனுப்புங்கள். நினைவிழந்து விழுந்த வீரனைப் பல நாடுகளில் 30 நாள், 60 நாள் என்று களத்துக்கே விடுவதில்லை. இங்கே தர்மபுரியில் விழுந்தவன் அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில் பெயர் கொடுக்கிறான். இரு மாவட்டத்துக்கும் பொதுவாக ஒரு பதிவேடு வைத்துக்கொள்ள உங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அடுத்த சுவரொட்டியில் மருத்துவரின் பெயர் அச்சாகும்வரை நானும் என் நண்பர்களும் டிக்கெட் வாங்கப்போவதில்லை. அச்சடித்துவிட்டுச் சொல்லுங்கள், முதல் வரிசையில் வந்து உட்காருகிறோம்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு ரசிகன்