மாரடைப்பு வந்தவருக்கு இந்தப் பொடி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஆவணியில் என் கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பிய பத்தாம் நாள், தெரிந்தவர் ஒருவர் எல்-ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலப் பொடி டப்பாவோடு வந்தார். "ரத்தக்குழாய் நல்லா விரியும் அண்ணாச்சி" என்றார்.

சரி என்று நான்கு நாள் கரைத்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலை கட்டிலிலிருந்து எழுந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முதுகெல்லாம் வேர்வை. ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும், ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரையும் சாப்பிடுகிறவர். இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கிவிடலாம் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார்.

வந்தவர் சொன்னது முழுப் பொய் அல்ல. ஆர்ஜினைனிலிருந்துதான் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. அதுதான் குழாயைத் தளர்த்துகிறது. அது குறித்த கண்டுபிடிப்புகளுக்கு 1998-இல் மூவர் நோபல் பரிசே வாங்கினார்கள். ஆனால் மாரடைப்பு வந்த 153 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. குழாயின் விறைப்பு குறையவில்லை. ஆர்ஜினைன் சாப்பிட்டவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், வெற்று மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. அதோடு புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இது எங்கள் டப்பாவில் ஒரு வரிகூட இல்லை. மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை